நகத்தளவு பெலாச்சான்

19 மார்ச், வியாழன். கிள்ளான்

காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை. கூடாரங்களை உதறிக் காயப்போட்டது வீண். பெரிய கூடாரத்துக்குள் போன வருஷத்து மணல் இன்னும் ஒரு பிடி இருந்தது.

ஞாயிறு கிளம்புகிறோம், கிழக்குக் கரைக்கு. முதல் ராத்திரி செராத்திங், அடுத்த இரண்டு கெமாசிக். நானும் வசந்தியும். தம்பி குமாரும் அவன் மனைவி ரேணுவும். பிரிக்பீல்ட்ஸ் நண்பன் சேகரும் அவன் மனைவி சாந்தியும். பிள்ளைகள் யாரும் வரவில்லை. வைஃபை இல்லாத கடல் அவர்களுக்குக் கடலே இல்லை.

ரேணுவுக்கு இதுதான் முதல் கேம்பிங். கல்யாணமாகி ஐந்து மாதம். இன்னும் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறாள்.

எடுக்க வேண்டியவை: கேஸ் டப்பா 6. தார்ப்பாய். கொசுவத்தி. முதுகுவலித் தைலம் (வசந்தி). லெசோங் உரல். சம்பல் அரைக்கக் காய்ந்த மிளகாய், புளி, சீனி. போன தடவை மறந்த கத்தி.

சேகர் இந்த முறை சைவம். பங்குனி உத்திரத்துக்குப் பால் காவடியாம், நாற்பத்தெட்டு நாள் விரதம். முப்பது வருஷப் பழக்கம் எங்களுக்கு. மீன் தலை இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழித்தவனில்லை. என்னடா திடீர் பக்தி என்றால் "வேண்டுதல்டா" என்கிறான், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டேன் என்கிறான். தொப்பையைக் குறைக்கத்தான் என்று நானே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

ராத்திரி போன் பண்ணினான். "மணி, உன் சம்பல் கண்டிப்பா வேணும் லா. ஆனா பெலாச்சான் மட்டும் போட்டுறாத."

எனக்குத் தெரியாதா? இறாலை இடித்துக் காயவைத்த கட்டி அது. விரதக்காரன் சட்டியில் அதற்கு என்ன வேலை. வசந்தி புதுச் சட்டியும் புது அகப்பையும் வாங்கி இரண்டிலும் பச்சை நூல் கட்டிவிட்டாள். பச்சை நூல் சேகருக்கு. மற்றதெல்லாம் நமக்கு.

22 மார்ச், ஞாயிறு. செராத்திங்

நல்ல வெயில், காற்று. ஹரி ராயா பெருநாள் கூட்டம், நெடுஞ்சாலை முழுக்க ஊர்ந்துதான் வந்தோம். சேகரும் சாந்தியும் எங்கள் காரில், கூடாரமெல்லாம் குமார் வண்டியில். ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் வசந்தியும் சாந்தியும் கழிவறை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். குமாரும் ரேணுவும் அதற்குள் முன்னால் போய்விட்டார்கள். சேகர் எனக்கு எதிரே உட்கார்ந்து வெறும் ரொட்டியும் பால் விடாத கோப்பி ஓவும். நான் மீ கோரெங் நூடுல்ஸ். பாவம் என்று கூட நினைக்கவில்லை, பக்கத்து மேசை மீன் கறியைக் காட்டிச் சீண்டினேன்.

சவுக்கு மரத்தடியில் இடம். தண்ணீர் என்ன நிறம்! போர்ட் கிள்ளானில் நான் தினம் பார்க்கிற தண்ணீர் தே தாரே டீயின் நிறம்.

சாயங்காலச் சமையல். என் பக்கம் பச்சை நூல் சட்டி, சம்பல். அடுத்த அடுப்பில் ரேணு, சுட்ட மீனுக்குச் சாறு. அவள் பெலாச்சானை நெருப்பில் வாட்டி ஓர் இலைமேல் வைத்திருந்தாள். காற்றெல்லாம் அந்த வாசனைதான். அதை உரலில் இடித்தாள், பிறகு உரலைக் கழுவினாள். கொஞ்சம் இலையிலேயே மிச்சம்.

என் சம்பலை நக்கிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. உப்பு போட்டேன். சீனி போட்டேன். ம்ஹூம். எல்லாரும் காத்திருக்கிறார்கள், மணியத்தின் சம்பல் என்று மூன்று வாரமாகப் பேச்சு.

இலையிலிருந்து ஒரு கிள்ளு. நகத்தளவு. அவ்வளவுதான்.

சேகர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "பெலாச்சான் இல்லாமலே இந்த ருசியா! நீ கடை போடுடா." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் குனிந்து வணக்கம் சொன்னேன். நகத்தளவுக்கெல்லாம் முருகன் கணக்குப் பார்க்கமாட்டார். யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

23 மார்ச், திங்கள். கெமாசிக்

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் செராத்திங்கில் கூடாரம் மடிக்கும்போது வசந்தி வந்து அந்த ஓரத்தைப் பிடித்தாள். ஒரு மடிப்பு மடித்தாள். பிறகு, "சாந்திக்கு மார்ல கட்டி. புற்றுதான்னு சொல்லிட்டாங்க. ரெண்டாம் தேதி ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கடல் பக்கத்துல படுக்கணும்னு ஆசைப்பட்டாங்களாம். அதுக்குத்தான் இந்த ட்ரிப்பு."

சேகரின் காவடி?

"அதுக்குத்தான்."

கூடாரத்தின் பையை எங்கே வைத்தேன் என்று பத்து நிமிடம் தேடினேன். கையிலேயே இருந்தது.

தொப்பை என்று சொன்னேனே. எத்தனை பேரிடம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டே இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை "பெட்ரோல் போடணும்" என்றேன். இரண்டாவது தடவை கொட்டாவி மாதிரி ஆக்கிவிட்டேன்.

கெமாசிக் அழகு. பெரிய பாறைகள், இரண்டு பக்கமும் வளைந்த கரை. பாறை நிழலில் மதியச் சாப்பாடு. சேகருக்காக மிச்சச் சம்பல் டப்பாவைச் சாந்தி திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். ஆறிப்போன சம்பலில், காரில் வெந்த டப்பாவில், வாசனை தனியாக எழுந்து வந்தது. மூக்குள்ள யாருக்கும் தெரியும்.

"இதுல பெலாச்சான் இருக்கு."

எல்லாரும் ரேணுவைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்? பெலாச்சான் கொண்டுவந்தது அவள், வாட்டியது அவள், உரலில் இடித்தது அவள். சம்பலுக்கு மிளகாயை நான் இடித்ததும் அதே உரலில்.

"நான் உரல நல்லா கழுவிட்டுத்தான் வச்சேன்" என்றாள் ரேணு.

குமார்: "ஒழுங்கா கழுவினியா இல்லையா? சொல்லு!"

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதியே ஆகவேண்டும். "விடுடா குமாரு, புதுசு தானே, தெரியாம நடந்திருக்கும்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி. ரேணுவின் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

அவள் அழுதாள். அப்போதுதான் சேகர் எழுந்தான்.

"யாரும் அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. என் விரதம் நேத்தே போச்சு. நீங்க டாய்லெட் கியூவில நின்னீங்கள்ல, அப்ப ஆர் அண்ட் ஆர்ல மீன் கறி சாப்ட்டேன். பழக்க தோசம். வாயில வச்சதுக்கு அப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு." என் பக்கம் திரும்பினான். "இல்லடா மணி?"

அவன் சாப்பிட்டது ரொட்டி. எதிரில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"ஆமா" என்றேன்.

சாந்தி டப்பாவை மூடினாள். "நாப்பது நாளுகூட முடியலையா உங்களால?" என்றாள் சேகரிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

24 மார்ச், செவ்வாய். கெமாசிக்

மேகமூட்டம். அலை அதிகம்.

சாந்தி முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றாள், வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. ஒரு பெரிய அலை வந்து இரண்டு பேரையும் உட்காரவைத்தது. சாந்தி சிரித்தாள். சேகர் கரையில் துண்டோடு நின்றான். அவள் வசந்தியிடம் துண்டு வாங்கிக்கொண்டாள்.

ரேணு உரலை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். மணலைப் போட்டுத் தேய்த்தாள், கடல் தண்ணீரில் அலசினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி மணல். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சொல்ல முயன்றது: பாறைமேல் சேகரோடு (குமார் வந்துவிட்டான்). விறகு பொறுக்கும்போது சாந்தியிடம் (அவள் களைத்திருந்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்). மூன்றாவது தடவை காரணமே இல்லை. பயம்.

சாப்பாடு எல்லாருக்கும் மேகி. யாரும் சம்பல் கேட்கவில்லை.

26 மார்ச், வியாழன். கிள்ளான்

புழுக்கம். போர்ட்டில் வேலைக்குத் திரும்பினேன். ஒரு கண்டெய்னரின் எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். லோரிக்காரர் ஒருவர், "பாஸ், லீவு இன்னும் முடியலையா?" என்றார்.

வசந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"சாந்தி போன் பண்ணுனாங்க. சேகர் அண்ணன் காவடி எடுக்கலையாம். விரதம் முறிஞ்சவன் தோள்ல ஏத்தக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டாராம். ரெண்டு பேரும் பேச்சே இல்லையாம். 'எனக்காக வாயக் கட்ட முடியாதவரு, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணப்போறாரு'ன்னு அழுவுறாங்க."

நான் ஒரு சட்டையை எடுத்து மடிக்கப் போனேன்.

"பதினெட்டு வருசமா உங்க சம்பலத்தான் சாப்பிடுறேன்" என்றாள். "மொத வாயிலயே தெரியும். அப்புறம் நான் தொடவே இல்ல, பார்க்கலையா?"

அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அதுக்குள்ள அண்ணன் ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டாரு. எல்லாரும் கை தட்டுறீங்க. காலையில நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். மத்தியானம் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அந்தப் புள்ள அழுதுச்சு, அப்பவாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். "நானும் சும்மாதான இருந்தேன். எனக்கும் சேர்த்துத்தான் அசிங்கம்."

அறைந்திருந்தால் தேவலை.

29 மார்ச், ஞாயிறு

கோமுட்டர் ரயில் பிடித்து கே.எல். சென்ட்ரல். பிரிக்பீல்ட்ஸ் வரை நடந்தேன், சேகர் வீட்டுக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது. சும்மா போகக்கூடாதே என்று ஆப்பிள் ஒரு கிலோ. நோயாளி வீட்டுக்குப் போகிறவன் மாதிரி. அது வேறு ஒரு வெட்கம்.

லிஃப்ட் எட்டாவது மாடிக்கு வந்தது. கதவு திறந்தது. அவர்கள் வீட்டு வாசலில் சேகரின் செருப்பும் சாந்தியின் செருப்பும் தெரிந்தன, வரிசையாக. உள்ளே டிவி சத்தம். பேச்சுச் சத்தம் இல்லை.

லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது. மூடவிட்டேன்.

கீழே ஒரு கடையில் தோசை தின்றேன். ஆப்பிளை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறந்துபோய் அல்ல.

ஐம்பது வயது ஆகப்போகிறது எனக்கு. முப்பது கண்டெய்னர் ஒரே நாளில் தாமதமானால் கூசாமல் போன் எடுத்து எல்லாருக்கும் பதில் சொல்கிறவன்.

31 மார்ச், செவ்வாய்

மழை. ஒன்றுமில்லை. வசந்தி சமைத்தாள், சாப்பிட்டோம். "நாளைக்கு உத்திரம்" என்றாள். "சாந்தி கோயிலுக்கு வர்றாங்க. சாயங்காலம் அட்மிட் ஆகணும்."

1 ஏப்ரல், புதன்

லீவு போட்டேன். கோயிலில் கூட்டம், தரை எல்லாம் மஞ்சள் தண்ணீர். மேளம் காதைக் கிழித்தது.

சேகர் காவடி எடுக்கவில்லை. ஆனால் வந்திருந்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வருகிற ஒவ்வொரு காவடிக்காரர் காலிலும் குடத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

சாந்தி மண்டப ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். வசந்தி என் முதுகில் ஒரு விரலை வைத்துத் தள்ளினாள். அவ்வளவு போதுமாக இருந்தது.

"வாங்கண்ணே" என்றாள் சாந்தி.

உட்காரவில்லை நான். உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"சம்பல்ல பெலாச்சான் போட்டது நான்தான். ரேணு உரல கழுவிட்டுத்தான் வச்சா. நான்தான் கிள்ளிப் போட்டேன். ருசி இல்லன்னு. பாராட்டு வேணும்னு."

மேளம் நிற்கிற வரை காத்திருந்தாள். பிறகு, "அப்ப ஆர் அண்ட் ஆர்ல?"

"ரொட்டி. ரெண்டு துண்டு, கோப்பி ஓ. அவன் மீன் பக்கம் பார்க்கக்கூட இல்ல. நான்தான் சீண்டுனேன். அந்தப் புள்ளைய காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னான். நான் ஆமா போட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. சேகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வயசான அம்மாவின் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்து, அடுத்த குடத்துக்குக் குனிந்தான்.

"ஒன்பது நாளு" என்றாள். "ஒன்பது நாளா அவருகிட்ட ஒரு வார்த்த பேசலண்ணே. அவரு தண்ணி குடுத்தாக்கூட வாங்கல."

மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், ஒரு பெயரைத் தேடி அழுத்தினாள், காதில் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் நீட்டினாள்.

"அவர நான் பார்த்துக்கறேன். இவகிட்ட நீங்க சொல்லுங்க" என்று எழுந்து தண்ணீர்க் குடங்கள் இருந்த பக்கம் போனாள்.

திரையில் ரேணுவின் பெயர். இரண்டு தடவை மணி அடித்தது. எடுத்துவிட்டாள். சாந்தி என்று நினைத்து, நான் வாய் திறப்பதற்குள், அவசர அவசரமாக:

"அக்கா, சத்தியமாக்கா, நான் உரல நல்லா கழுவிட்டுத்தான்க்கா வச்சேன்."