ஞானப்பூ, உன் பேரை மேடைக்குக் கொடுக்கவில்லை

என் ஞானப்பூவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் காற்று தாராளமாக வருகிறதா பிள்ளே? கடைசியில் ஒரு மூச்சுக்கு நீ பட்ட பாடு என் காதை விட்டுப் போகவில்லை. அதனால் முதலில் அதைத்தான் கேட்க வருகிறது.

இந்தக் கடிதத்தை நம் சபைக்காரர்களும் ஊர்க்காரர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். போராட்டக்காரர்களின் அடுத்த கூட்டத்தில் தியாகிகளின் பேரோடு உன் பேரையும் சொல்லப்போவதாகப் பாறசாலை முழுக்கப் பேச்சு. தமிழச்சி என்பதற்காக ஆஸ்பத்திரியில் உன்னை வராந்தாவில் போட்டுச் சாகவிட்டார்களாம். நான் உன் பக்கத்திலேயே இருந்தவன். நடந்தது அது இல்லை.

நம் தாலுகா மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்பதில் எனக்கும் மாற்றம் இல்லை. கடையை அடைக்கச் சொன்ன நாளெல்லாம் அடைத்தேன்; பழுத்த குலைகளை மாட்டுக்குப் போட்டேன். ஆனால் நான் வாழைக்குலை வியாபாரி. அடிபட்ட காயை நல்ல காய் என்று சொல்லி விற்றதில்லை. உன் சாவை மட்டும் அப்படி விற்பேனா?

அன்றைக்கு உன்னை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் மறியலுக்காக மரம் வெட்டிப் போட்டிருந்தது. போட்டவர்கள் நம் பையன்கள். முன்னால் நின்றது உன் தம்பி செல்லையன். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவன், “எலே, அக்காவாக்கும்! பிடியுங்கலே!” என்று அலறினான். உன்னோடு சேர்த்து வண்டியைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். உனக்கு நினைவிருந்ததோ என்னவோ, கண் பாதி மூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் போனவுடனே கட்டில் கொடுத்தார்கள். இரண்டு பக்க நெஞ்சிலும் சளி கட்டிவிட்டது, வீட்டில் இருக்கும்போதே முற்றிவிட்டது, வழியில் போன நேரத்தால் வந்ததில்லை என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பின்னே நீ போய்விட்டாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, உன்னைக் கொண்டுபோக வண்டிக்கு என்ன வழி என்று கேட்டேன். எது வந்தாலும் வியாபாரிக்கு வாய் நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு மலையாள நர்ஸ் நின்றார். ஒரு முக்காலியை இழுத்து உன் கட்டிலருகே போட்டார்.

“சூடு போயிட்டில்ல, சேட்டா. கை பிடிச்சோளூ.”

அவர் சொன்னதுபோல உன் கையில் இன்னும் சூடு போகாமல் இருந்தது. பிடித்தேன். அவர் திரையை இழுத்துவிட்டு வெளியே நின்று, ஒருவரையும் உள்ளே விடவில்லை. சூடு முழுவதும் இறங்கின பிறகுதான் சீப்போடு வந்து, வகிடு எந்தப் பக்கம் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் அம்மையை அழவிடவில்லை பிள்ளே. “நீங்க வீரத்தாயாக்கும், அழப்பிடாது” என்று செல்லையனின் கூட்டுக்காரர்கள் சுற்றி நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பெற்றவள் உன் தலைமாட்டில் கல் மாதிரி இருந்தாள். தண்ணீர்கூட இறங்கவில்லை. பெட்டியின் மேல் கொடி போடலாமா என்று முற்றத்தில் ஆலோசனை நடந்தது.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோமே, கஞ்சி பக்கத்து வீட்டிலிருந்து வரவேண்டும். நமக்குப் பக்கத்து வீடு மலையாளத்துப் பார்கவி அக்காவின் வீடுதான். அவள் அடுக்களையில் புகை எழும்பியது. அவளும் வேலிவரைக்கும் வந்தாள், திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள், போனாள். சாவுச் சேதி கொண்டு துட்டி சொல்லப் போன பையன்கள் மலையாள வீடுகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். துட்டி சொல்லாத வீட்டுக்காரர்கள் வரக்கூடாது என்றுதானே நம் ஊரில் அர்த்தம்? சவத்தின் பக்கத்திலிருந்து சொந்தக்காரன் எழுந்து போய்ச் சொல்வதும் வழக்கமில்லை.

நான் எழுந்தேன். நம் சபை உபதேசியார் என் கையைப் பிடித்தார்.

“நீரு எங்க போறீரு?”

“துட்டி சொல்ல.”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “அக்கா, ஞானப்பூ போயிட்டா” என்றேன். அதற்குமுன் அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

“அறிஞ்ஞு. நீங்க சொல்லாம நான் எப்படி வாறது?” என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

கஞ்சிக் கலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் செல்லையன் வழியை மறித்து நின்றான். சின்ன வயதில் அவள் வீட்டுப் பலாமரத்தில் ஏறி அடிவாங்கின பயல்.

“மாறு மோனே, கலம் சுடுது.”

மாறி வழிவிட்டான். அவள் பலா இலையைக் கரண்டியாகக் கோட்டிக் கஞ்சியை மொண்டு அம்மையின் வாயருகே கொண்டுபோனாள். அம்மை ஒரு மடக்கு குடித்துவிட்டு, “உப்பு போதாது, பார்கவி” என்றாள்.

“அவளாக்கும் எப்பவும் வேலிக்கு மேலே கை நீட்டி உப்பு பாத்துச் சொல்லுவா, அம்மே. இண்ணைக்கு நான் யாரைக் கூப்பிட?”

அதற்குப் பிறகு அம்மை அழுத அழுகையில் முற்றத்திலிருந்த கொடிப் பேச்சு நின்றுபோனது. வீரத்தாயை அதற்குப்பின் யாரும் தேடவில்லை.

இப்போதுள்ள சங்கதியைச் சொல்கிறேன். சந்தை முடிந்து வரும்போது உனக்கென்று ஒரு சீப்பு செந்துளுவன் பழம் எடுத்து வைக்கிற பழக்கம் போகவில்லை. எடுத்து வைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைக்கிறது. அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். அங்கே யாராவது செத்துப்போனால் அந்த நர்ஸ் என் கடைக்கு ஆள் அனுப்புவார். நான் போய் வண்டி பிடித்துக் கொடுப்பேன், துட்டி சொல்ல ஆள் ஏற்பாடு செய்வேன். தமிழா மலையாளமா என்று கேட்பதில்லை. முதலில் முக்காலியை இழுத்துப் போடுவேன். தைரியமாக இரு என்று மட்டும் ஒருவரிடமும் சொல்வதில்லை. “உங்க வாய்க்குக் கல்லறையிலயும் ஒரு கடை வேணும்” என்பாயே, அந்த வாய்தான் அங்கே பேசாமல் இருக்கிறது.

நேற்று செல்லையன் வந்தான். “அத்தான், ஒரு சம்மதம் சொல்லுங்க. அக்காளுக்க பேரைச் சொன்னா தாலுகாவே எழும்பும்” என்றான்.

“உள்ளதைச் சொல்லுவியா?”

“எது உள்ளது? யாராவது ஒருத்தன் காரணமா இருக்கணும் இல்லியா?”

அவன் சத்தம் உடைந்திருந்தது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. உள்ளே இருந்த அம்மைக்கு விளங்கியது. வெளியே வந்து அவன் முன்னால் நின்றாள்.

“மக்கா, அவ காய்ச்சல்ல செத்தா. நீ வெட்டின மரத்தால இல்லே.”

ஞானப்பூ, அவன் அப்படியே தரையில் இருந்துவிட்டான். “மரம் கிடக்காம இருந்தா, அம்மா? கொஞ்சம் முந்திப் போயிருந்தா?” என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். இத்தனை நாள் மேடை மேடையாக யார் யாரையோ குற்றம் சொன்னவன், இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். ஊரெல்லாம் அவன் பேச்சுக்குக் கை தட்டியது. பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, நானும்தான்.

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நம்பினானா? தெரியாது. எனக்கே சில நேரம் அந்த மரம் கண்ணில் வரும்போது, அவனிடம் என்ன சொல்ல? முக்காலியை இழுத்துப் போட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மை கஞ்சி கொண்டுவந்தாள். அக்கா, அக்கா என்று சின்னப் பிள்ளை மாதிரி உன்னைக் கூப்பிட்டு அழுதான். போகும்போது கூட்டத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

உன் பேர் கல்லறைத் தோட்டத்துக் கல்லில் இருக்கிறது, அங்கேயே இருக்கும். தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதை நினைத்துக் கிடக்காதே. எல்லைக்கல்லை எங்கே கொண்டுபோய் நட்டாலும், நம் வீட்டில் இனி ஒரு சாவு விழுந்தால் முதல் துட்டி பார்கவி அக்காவின் வேலிக்குத்தான் போகும். அது என் சாவாக இருந்தால் போய்ச் சொல்லும் பொறுப்பைச் செல்லையனிடம் இப்போதே ஏற்பித்துவிட்டேன். சொல்வதாக அவன் கையடித்துத் தந்திருக்கிறான்.

கையில் உன் சூட்டோடு இருக்கிற,
உன் வீட்டுக்காரன்,
குலைக்கார நேசையன்