சவராதிகாரியின் சோப்பு

பிப்ரவரி 3, ஞாயிறு

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில்: எனது அருமை மீசை, வயது எட்டு மாதம், இன்று பிற்பகல் மூன்று மணியளவில், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அகால மரணமடைந்தது. சரியாகச் சொன்னால் இடது பாதி மட்டும். வலது பாதியைத் தனியாக வைத்துக்கொண்டு தெருவில் நடமாட முடியாததால், நான்கு மணிக்கு நானே அதை வழியனுப்பி வைத்தேன்.

கொலையாளி: சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. வயதில் என்னைவிட ஏழு வருஷம்தான் மூப்பு, பதவியில் மட்டும் சித்தப்பா. ஓட்டல் வரவேற்பு மேஜையில் வேலை. என் அறையில் பாதி அவருடையது.

ஆயுதங்கள்: அவருடைய ரேஸர், அவருடைய பிரஷ், அவருடைய மகா பரிசுத்தமான ஷேவிங் சோப்பு.

கேட்டால், "வெள்ளிக்கிழமை என் கோட்டு முதுகுல ஒட்டினியே, அதுக்கு இது. சரிக்குச் சரி"யாம். ஒட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. 'மணி அடித்தால் சிரிப்பேன்' என்று ஒரு சின்னக் காகிதம். அதை முதுகில் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் விருந்தினர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் மேஜைமேல் இருக்கும் மணியை அடித்திருக்கிறார்கள்.

ஆனால் காகிதத்தைப் பிய்த்தால் போயிற்று. மீசையைத் திரும்ப ஒட்ட முடியுமா? நாளைக்குப் பள்ளியில் குரூப் போட்டோ!

சரிக்குச் சரியா? இருங்கள், சித்தப்பா. இருங்கள்.

பிப்ரவரி 4, திங்கள்

போட்டோ எடுத்தாயிற்று. கடைசி வரிசை. மேலுதட்டில் கையை வைத்து யோசிப்பதுபோல நின்றேன். "ஏய் பல்வலி, கையை எடு" என்றார் போட்டோக்காரர். வகுப்பில் இனி என் பெயர் பல்வலி.

பிப்ரவரி 5, செவ்வாய்

எதிரியைப் பற்றிய ஆய்வறிக்கை.

இனி இவர் பெயர் சவராதிகாரி. சவரத்தில் சர்வாதிகாரி. மற்றவர்கள் மேலதிகாரிக்குச் சோப்புப் போடுவார்கள். இவர் சோப்புக்கே சோப்புப் போடுகிறார். மரக்கிண்ணத்தில் வட்டமாக, கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது அது. சவரம் முடிந்ததும் மேலே நிற்கும் நுரையை வழித்துவிடுகிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கக் கூடாதென்று கிண்ணத்தைக் கவிழ்த்து உதறுகிறார். பிறகு குளியலறை ஜன்னலில், வெயில் படாமல் காற்று மட்டும் படுகிற மூலையில், சாய்த்துத் திறந்து வைக்கிறார். வேலையிலிருந்து மூன்றரைக்கு வந்து, விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் மூடி. என் காய்ச்சலைக்கூட இந்த வீட்டில் யாரும் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

"எதுக்கு சித்தப்பா இவ்வளவு பாடு?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

"ஈரத்தோட மூடி வெச்சா ஊறிக் கொழகொழன்னு ஆயிடும்டா. அப்புறம் நாத்தம் வேற. ஒரு சோப்பு ஒழுங்கா வெச்சுக்கிட்டா ஆறு மாசம் வரும். ஈரம்தான் அதுக்கு எமன்."

நன்றி, சித்தப்பா. எமன் வருகிறான். சீருடையில் வருவான்.

பிப்ரவரி 6, புதன்

திட்டம் ஒன்று நிறைவேறியது. மதிய இடைவேளை நாற்பது நிமிஷம். பள்ளியின் பின் சுவரைத் தாண்டினால் எங்கள் வீடு இரண்டாவது தெரு. அம்மா முன்னறையில் தையல் மெஷினில் இருப்பாள். அந்தச் சத்தத்தில் யானை நுழைந்தாலும் தெரியாது. கொல்லைக் கதவு, குளியலறை, கிண்ணத்தில் இரண்டு கை தண்ணீர், மேலே மூடி. ஏழு நிமிஷம்.

அழகு எங்கே என்றால் – காலையில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போவது அவரேதான்! நான் வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறவரும் அவரேதான். நான் வீட்டில் இல்லை என்பதற்குச் சாட்சியே சவராதிகாரி.

பிப்ரவரி 8, வெள்ளி

மூன்றாம் நாள். சோப்பு சேறாகிவிட்டது. பிரஷை வைத்தால் உள்ளே இறங்குகிறது. சவராதிகாரி கிண்ணத்தைப் பார்த்த பார்வையைப் பார்த்தேன். என் மீசை நேரில் இருந்து பார்க்கவில்லையே என்றுதான் வருத்தம்.

முதல் சந்தேகம் என்மேல்தான். பெருமையாக இருந்தது.

"டேய், நீதானே?"

"நான் ஸ்கூல்ல இருந்தேனே. நீங்கதானே விட்டுட்டுப் போனீங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "எது நடந்தாலும் அவன் தலையில போடாதே. காலையில போனா நாலு மணிக்குத்தான் வரான்."

அம்மா வாழ்க!

பிப்ரவரி 12, செவ்வாய்

எதிர்பாராத திருப்பம். சித்தப்பா அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணி, பாத்ரூம் கழுவும்போது தண்ணி பட்டுடுதோ? நீங்க ஞாபகமில்லாம மூடிடறீங்களோ?"

"நான் அதைத் தொடறதே இல்லப்பா."

"அப்ப சோப்பு தானா எழுந்து மூடிக்கிச்சா?"

அம்மா தையல் மெஷினின் மோட்டார் பெடலை வேகமாக மிதித்தாள். பத்து நிமிஷம் கழித்து, "இனிமே நானே காய வெச்சு, நானே எடுத்து வெக்கறேன். அப்ப தெரியும்" என்றாள்.

நான் பாடப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்சம் சிரித்தேன்.

பிப்ரவரி 15, வெள்ளி

சோப்பு இப்போது அடுப்படி ஜன்னலில் இருக்கிறது. வெளியே நின்று கையை விட்டாலே எட்டும். உள்ளே போகவே வேண்டாம்! நான்கு நிமிஷம். சாதனை.

அம்மா மூன்று மணிக்குப் பார்த்தால் ஈரம். எடுத்துத் துடைக்கிறாள். மூன்றரைக்கு அவர் வந்து தொட்டால் இன்னும் ஈரம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. சித்தப்பா முகத்தில் இரண்டு வெட்டுக்காயம். நல்ல நுரை வரவில்லையாம். ஓட்டலில் மேலாளர் கேட்டாராம், "பூனை வளர்க்கிறீங்களா?" என்று.

பல்வலி சார்பாக அந்த மேலாளருக்கு நன்றி.

பிப்ரவரி 18, திங்கள்

மாபெரும் வெற்றி. எதிரி நாட்டைவிட்டே போகிறான்.

"ஓட்டல் ஹாஸ்டல்ல ஒரு இடம் இருக்காம், அண்ணி. ஒண்ணாம் தேதி போயிடறேன். ஒரு சோப்புக்காக நமக்குள்ள ஏன் மனஸ்தாபம்?"

"சோப்புக்காக இல்லப்பா. நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறே பாரு, அதுக்காக."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லலதான்."

அறை முழுக்க எனக்கு. அவர் அலமாரி எனக்கு. ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு. படுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா வேலை பார்ப்பது வேறு ஊரில், மாதம் ஒரு தடவைதான் வருவார். சாயங்காலம் அம்மா அவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆறு வயசுல அவனுக்கு ஷூ லேஸ் கட்டக் கத்துக் கொடுத்தது நான்." அப்பா என்ன சொன்னாரோ. "உங்க தம்பியையே கேளுங்க" என்று வைத்துவிட்டாள்.

மீசைக்கு நியாயம் கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டதுதானே?

பிப்ரவரி 20, புதன்

மதியம் போனேன். மெஷின் சத்தம் கேட்கவில்லை. தெருவிலேயே மின்சாரம் இல்லை. ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன்.

தலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன், அம்மா உள்ளே இருந்தாள். துணி வெட்டும் அளவு அட்டையால் சோப்புக்கு விசிறிக்கொண்டிருந்தாள். சோப்புக்கு! நாளைக்குக் கொடுக்கவேண்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு, நின்றுகொண்டு, கை மாற்றிக் கை மாற்றி.

"காஞ்சுடு. இன்னிக்கு ஒரு நாளாவது காஞ்சுடேன்."

யாரிடம் சொல்கிறாள்? நான் அங்கே இருப்பது தெரியாது. கால் மரத்துப்போகும்வரை குந்தியிருந்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. திரும்பி வந்துவிட்டேன். மதிய இடைவேளை முடிந்துவிட்டது. பசி என்று ஒன்றும் இல்லை.

நல்லதுதான் செய்தேன். இன்று காய்ந்திருக்கும். அம்மா ஜெயித்திருப்பாள். அவ்வளவுதான், தானாகச் சரியாகிவிடும்.

அதே நாள், மறுபடியும்

சரியாகவில்லை.

சித்தப்பா இன்று நான் வந்தபிறகுதான் வந்தார். தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. "பாத்தீங்களா அண்ணி, கவனமா இருந்தா காயுது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் கொடுமை. அப்படியென்றால் இத்தனை நாள் அம்மா கவனமாக இல்லை என்றுதானே அர்த்தம்?

அம்மா கிண்ணத்துக்கு மூடி போட்டாள். "ஆமாப்பா. நான்தான் எதையோ மறந்து செஞ்சிருக்கேன் போல" என்றாள்.

ஐயோ, ஏம்மா ஒத்துக்கிட்டே? நீ செய்யலயே!

பிப்ரவரி 21, வியாழன்

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"உண்மையைச் சொல்லு. எனக்கு மறதி வந்துடுச்சாடா? வேற ஏதாவதும் மறக்கறேனா? நீ கவனிச்சியா?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

நூல் கோக்கவேண்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் ஆயிரம் ஜோக்கு வரும் எனக்கு. ஒரு வரி வரவில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

வரலாறு குறித்துக்கொள்ளட்டும். இன்று மாலை இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து, நடுவில் நின்று, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "சோப்பைக் கெடுத்தவன் நான். பழி என் மீசைக்காக. தண்டனை எதுவானாலும் எனக்கு. அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது." குரல் நடுங்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சவராதிகாரி வாயடைத்துப் போனார். "ஆம்பளடா நீ" என்று கையை நீட்டினார். கொடுத்தேன்.

பிப்ரவரி 24, ஞாயிறு

வெள்ளிக்கிழமை எழுதியதில் உண்மையானது தேதி மட்டும்.

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. சித்தப்பா பெட்டியைத் தூசி தட்டி வெளியே வைத்தார், அப்போதும் சொல்லவில்லை.

இன்று காலை அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நடுவில் கதவு இருந்தால் அடி விழாது என்று கணக்குப் போட்டு, வெளியே நின்று கதவிடம் சொன்னேன்.

"சித்தப்பா, சோப்புல தண்ணி ஊத்தினது நான்."

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "என்னடா? கேக்கல."

"தண்ணி ஊத்தினது நான்!"

"தண்ணி வருதுடா. என்ன வேணும்?"

"சோப்புல தண்ணி ஊத்தி மூடினது நான்தான்! தெனமும் மத்தியானம் சுவரேறிக் குதிச்சு வந்து ஊத்தினேன்! அம்மா இல்ல!"

குழாய் நின்றது. முன்னறையில் மெஷினும் நின்றது. பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றதாகத் தோன்றியது.

கதவு திறந்தது. ஒரு கன்னம் மழித்திருந்தது, ஒரு கன்னம் நுரை. நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டி நேராக அம்மாவிடம் போனார்.

"அண்ணி..." என்றார். நின்றுகொண்டே இருந்தார். நுரை காய்ந்து சட்டையில் உதிர்ந்தது.

அம்மா அவரைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. மெஷினில் கை வைத்தபடியே, "அப்ப எனக்கு மறதி இல்ல" என்றாள். திரும்பவும், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். முகமெல்லாம் அப்படியொரு நிம்மதி. இரண்டு வாரமாக அந்த பயத்தோடுதான் உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

நான் அழுதேன் என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார், விக்கல் வரும்வரை அழுதேன் என்று. அடிக்குப் பயந்து என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் அடிக்கவே இல்லை.