கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஷெட் சுவர்

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று உன் அம்மா மூலம் தெரிந்துகொள்கிறேன். நாலு மாதமாக எல்லாமே அம்மா மூலம்தான். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். உறைக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது, அதைப் போனில் அனுப்ப முடியாது. கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டுப் பிரி, அவசரக்குடுக்கை மாதிரி இப்போதே கிழிக்காதே.

அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. குழாய்க்காரர் மூன்று தரம் வந்து போனதில் சமையலறைக் குழாய் முன்பைவிட நன்றாகவே சொட்டுகிறது. உன் அறையில் என் ரயில் மேசை அப்படியேதான் கிடக்கிறது, உன் கட்டிலை நகர்த்த அம்மா விடாததால் இரண்டுக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு போகிறேன். நான் எஞ்சின் ஓட்டிய காலத்து எஞ்சின் ஷெட்டை அந்த மேசை மேல் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் கட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியும். சுவருக்கு மட்டும் ஏழு மாதம் ஆயிற்று. மை தீர்ந்த பேனாவால் ஃபோம் அட்டையில் ஒவ்வொரு செங்கல்லாகக் கீறினேன், ஒரு கல் அரை அரிசி நீளம்தான். புகை அடித்த இடத்தில் கரித்தூள், தண்ணீர்க் குழாய் ஒழுகும் இடத்தில் பாசி, மூலையில் உப்புப் பூத்த வெள்ளை, அங்கங்கே ஓரம் உடைந்த கல் எல்லாம் நினைவிலிருந்தே செய்தேன். ஒரு நிஜச் செங்கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அந்தச் சுவரை எனக்கா தெரியாது என்கிற திமிர்.

போட்டோ அனுப்பினேன். நீ பார்த்துவிட்டு, சூப்பரா இருக்குப்பா, ஆனா செங்கல் கத்தரிப்பூ கலர்ல இருக்கே, எதுக்கும் ஒருதரம் கண்ணைக் காட்டிடுங்களேன் என்றாய். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் சிக்னல் பார்த்த கண்ணுடி இது, கோளாறு உன் போன்லதான் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் நீ இரண்டு தரம் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. மூன்றாவது தரம் நீ அம்மா நம்பருக்கே கூப்பிட்டுவிட்டாய். சமையலறையில் நீங்கள் இருவரும் பேசிச் சிரிப்பது இங்கே மேசை வரைக்கும் கேட்கும். வீம்புக்கு எழுந்து வராமல் உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் பேப்பரில் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அம்மா என்னைத் தரதரவென்று கண் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றிவிட்டதாம். இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன், அவளை ஒன்றும் கேட்காதே. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தேன். உன் அறைக் கதவைத் திறந்ததும் எவன்டா என் சுவத்துல பெயின்ட் அடிச்சவன் என்று ஒரு சத்தம் போட்டேன். சாட்சாத் கத்தரிப்பூவேதான். இடது கண்ணை மூடினால் நல்ல பழைய செங்கல், வலது கண்ணை மூடினால் கத்தரிப்பூ. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். புரையால் இத்தனை நாளும் பார்த்ததிலெல்லாம் ஒரு மஞ்சள் படிந்திருந்ததாம், அதைச் சரிக்கட்டத்தான் நான் செங்கல் பெயின்டில் நீலத்தை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியிருக்கிறேன். விசில் மாமா என்று நீ கூப்பிடுவாயே, என் வண்டியில் கார்டாக வேலை பார்த்தவர், அவர் வாராவாரம் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனவர். அவரைக் கேட்டால், கலை நயம்னு நினைச்சேன்யா என்கிறார். கூடவே இருக்கிறாயே, நீயாவது சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் பாய்ந்தேன். சொன்னவ கதி என்னாச்சுன்னு பாத்தேனே என்றாள். 

நீ சொன்னதுதான் சரி. கத்தியது என் தப்பு, போனை எடுக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது எனக்குப் பயமாக இருந்தது. உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எத்தனையோ ராத்திரி வண்டியில் வராத பயம் அன்றைக்கு வந்தது.

இப்போது பொட்டலத்தைப் பிரி. ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர் போட்ட அட்டைத் துண்டுகள் நான் புதிதாகக் கலந்த செங்கல் நிறங்கள். ஒரு கண் ஒன்று சொல்கிறது, இன்னொரு கண் வேறு சொல்கிறது, என்னால் தீர்மானிக்க முடியவில்லை. போன் திரை மேல் பழியைப் போட இந்தத் தடவை இடமில்லை, ஜன்னல் ஓரமாகப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார். நீ சொல்கிற நம்பர்தான் சுவருக்கு. நம்பர் இல்லாத ஆறாவது துண்டு பழைய சுவரிலேயே வெட்டியது. நீ சொன்னது சரி என்பதற்கு அத்தாட்சியாக வைத்துக்கொள். அந்த இடத்தில் இப்போது இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. விசில் மாமா அதையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருங்கள். மாப்பிள்ளையை மெதுவாக வண்டி ஓட்டச் சொல். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வலது கண். அதற்கு முன்னால் கூப்பிடு, என் நம்பருக்கே கூப்பிடு. எந்தத் துண்டு என்று சொல், நாலு மாதமாக மனசில் வைத்திருக்கிற திட்டையும் சேர்த்துத் திட்டு. நீயாக வைக்கிற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு கண்ணில் மட்டும் புரை மிச்சமுள்ள
உன் அப்பா