நடந்துச்சா, தாயி?

அண்ணா,

இன்று மதியம் நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்திக்குறிப்பை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், எஸ்டேட் ஆபீஸுக்குள் உங்கள் மழைக்கோட்டின் வாசனை. நனைந்த ரப்பரும் பீடிப் புகையும். கதவு சாத்தித்தான் இருந்தது. வெளியே உடும்பஞ்சோலை முழுக்க மூடுபனி. நீங்கள் போய் வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. இந்த வாசனை இப்படி வருவது இரண்டாவது முறை. பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டே. மலைப்பகுதிச் செய்திகளைப் பத்திரிகைகளில் மதியமே முடித்துவிடுவார்கள் என்பதால், மாலை விழாவைக் காலையிலேயே ‘நடைபெற்றது’ என்று எழுதி அனுப்புவது எங்களைப் போன்ற மக்கள் தொடர்புக்காரர்களின் வழக்கம். மற்ற நிருபர்கள் அப்படியே போட்டுவிடுவார்கள். நீங்கள் மட்டும் போடிமெட்டு வளைவில், சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று கூப்பிடுவீர்கள்.

“நடந்துச்சா, தாயி?”

“சாயங்காலம் நடக்குமுங்கண்ணா.”

“அப்ப சாயங்காலமே கேக்குறேன்.”

ஒருமுறை சிறப்பு விருந்தினரின் கார் பனியில் மாட்டி, மனிதர் வரவே இல்லை. மறுநாள் உங்கள் பத்திரிகை தவிர எல்லாவற்றிலும் அவர் உரையாற்றியிருந்தார். “வராத ஆளுக்குச் சால்வை போட்ட எஸ்டேட்டு” என்று பார்க்கும்போதெல்லாம் ஓட்டினீர்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

நீங்கள் போனபின் வந்த மழையில், கீழ் லயத்துக்கு மேலே மேடு விரிசல் விட்டிருந்தது. அந்த வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற ஜீப் கிளம்பிவிட்டது என்றார் மேனேஜர். ‘அனைவரும் பாதுகாப்பாக மாற்றப்பட்டனர்’ என்று நிருபர்கள் குழுவுக்கும் எஸ்டேட் குழுவுக்கும் அனுப்பினேன். அப்போதுதான் முதல்முறை அந்த வாசனை வந்தது. கூடவே போன் அடித்தது. திரையில் உங்கள் பெயர்.

எடுத்தேன். வளைவில் அடிக்குமே, அந்தக் காற்றின் சத்தம் மட்டும். நீங்கள் கேட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல ஒரு இடைவெளி. என்னை அறியாமல் “இன்னும் இல்லீங்கண்ணா” என்றேன். இணைப்பு அறுந்தது.

உட்கார முடியவில்லை. குடையோடு கீழே ஓடினேன். லயத்தில் அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. எல்லோரும் மூட்டை கட்டிவைத்து ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். டிரைவரைக் கூப்பிட்டேன்.

“எல்லாரையும் மாத்தியாச்சுன்னு எஸ்டேட் குரூப்புல வந்துச்சே மேடம். அதான் பாதியிலேயே வண்டியத் திருப்பிட்டேன்.”

நான் எழுதியதைப் படித்துவிட்டு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மழையிலேயே நடந்து பள்ளிக்கூடம் சேர்ந்தோம். இருட்டுவதற்குள் லயம் இருந்த இடத்தில் வெறும் சேறுதான் இருந்தது.

மறுநாள் உங்கள் வீட்டில் அண்ணியிடம் உங்கள் போன் எங்கே என்று கேட்டேன். “அவரு போனா? அவரு கையிலேயே வச்சுத்தான பொதைச்சோம், தாயி” என்றார்.

அதற்குப்பின் கண்ணால் பார்க்காத எதையும் நான் அனுப்புவதில்லை. இன்றும் புது லயத்துக்கு நேரில் போனேன். குடும்பங்கள் குடியேறின, பால் காய்ச்சினார்கள், எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். எல்லாம் பார்த்துத்தான் எழுதினேன். ஆனாலும் வாசனை போகவில்லை. குறிப்பைத் திரும்பப் படித்தேன். மேனேஜர் சேர்க்கச் சொன்ன கடைசி வரி: ‘புதிய இடம் முற்றிலும் பாதுகாப்பானது.’ அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

இதோ, போன் அடிக்கிறது. எடுக்க வேண்டியதில்லை. குடையை எடுத்துவிட்டேன், அண்ணா.