மழைப் பாட்டைப் பாடியது யார்

25 ஆகஸ்ட் 1991, ஞாயிறு

இல்லை, பாடச் சொல்லவில்லை. அம்மா ஒரு வாரமாகப் பயந்த அந்தக் கேள்வி வரவே இல்லை. வந்தது வேறு.

பெண் பார்க்க வந்தவர் பெயர் ரகு. தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். காயும் வடாம். சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள். படப்பை ஊரே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"இங்கிலீஷ் பாட்டுன்னா உங்களுக்கு உசிருன்னு உங்கப்பா சொன்னார். கேள்வி கேட்கலாமா?"

சமைப்பேனா என்று இல்லை. வேலையை விடுவேனா என்று இல்லை. எந்த இசைத்தட்டின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் ஓடியது? சொன்னேன். எந்தக் குழுவில் டிரம்ஸ் அடித்தவரே பாடி முதலிடம் வாங்கினார்? சொன்னேன். மூன்றாவது: அறுபதுகளில் பதினாறு வயதுப் பெண் பாடி முதலிடம் பிடித்த மழைப் பாட்டு எது?

தெரியவில்லை. அவரே பாட்டின் பெயரைச் சொன்னார். சிரித்துவிட்டேன். என்னுடைய பாட்டு அது.

"அதைப் பாடினது ஒரு ஆம்பளை."

"பொண்ணுதான்."

"என்கிட்ட டேப் இருக்கு."

"என்கிட்ட ரெக்கார்டே இருக்கு."

கீழே கூப்பிட்டுவிட்டார்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. படியிறங்கும்போது அவர் சிரித்தார். பிடிக்கவில்லை. பிடித்தது.

26 ஆகஸ்ட், திங்கள்

"புரட்டாசி பொறக்கறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடும்மா. பிடிக்கலைன்னாலும் சரி" என்றார் அப்பா. நல்ல அப்பா. அதுதான் கஷ்டம்.

முதலில் வந்தவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். இரண்டாவதாக வந்தவர் நான் உட்கார்ந்த விதத்தை. இவர் என் பாட்டையே திருத்துகிறார். திருத்திக்கொண்டே இருக்கும் ஒருவரோடு ஒரு ஆயுள்? முடியாது.

பாட்டைப் போட்டுக் கேட்டேன். தாம்பரத்தில் கடையில் கொடுத்துப் பதிந்த டேப். கல்லூரியில் சேர்ந்த வருஷம். அட்டையில் பாடியவர் பெயர் இல்லை. குரல் அப்படியே இருந்தது: களைத்த மனிதர், அவசரமே இல்லாமல், மழை விடும் என்கிறார். எம்.ஏ. தேர்வு முழுக்க இவரை நம்பித்தான் எழுதினேன்.

இவர் எப்படிப் பெண்ணாக இருப்பார்?

29 ஆகஸ்ட், வியாழன்

ஆபீசுக்கு ஃபோன். ரகு. பர்ச்சேஸ் பிரிவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"உங்க டேப்ல அந்தப் பாட்டு எவ்ளோ நேரம் ஓடுது?"

"நாலு நிமிஷம்."

"ரெக்கார்டுல மூணுன்னு போட்டிருக்கு." பிறகு அவரே: "ஒருவேளை வேற யாராவது பாடினதோ என்னவோ."

எனக்காக ஒரு வழி திறந்துவைக்கிறார். அதில் நுழைய எனக்கு மனமில்லை. "வேலை இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

ஒரு நிமிஷம் எங்கிருந்து வந்தது?

30 ஆகஸ்ட், வெள்ளி

தெரிந்துவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் கார் வைப்பர் மோட்டார் செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, சத்தம் கேட்டுப் பார்த்து அனுப்புவது மெர்சியின் வேலை. காலையில் ஒரு கையெழுத்துக்காக லைனுக்குப் போனேன். லோ வோல்டேஜ். அவள் பெஞ்சில் இருந்த மோட்டாரெல்லாம் மெதுவாக, அடித்தொண்டையில் உறுமின.

"இன்னா மெர்சி சத்தம் இது?"

"கரண்டு கம்மிக்கா. மோட்டாருக்கெல்லாம் மீச மொளச்சிகிச்சு."

நின்றேன். கையில் ஃபைல். மெதுவாக ஓடினால் குரல் தடிக்கும். மெதுவாக ஓடினால் மூன்று நிமிஷம் நாலாகும்.

"இன்னாக்கா, பேயறஞ்ச மாரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு மீசை போச்சு."

"மாப்ளைக்கா?"

1 செப்டம்பர், ஞாயிறு

தாம்பரம். கடைக்காரர் பாண்டுரங்கன் இன்னும் அதே ஸ்டூலில். டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்ன ரெக்கார்டும்மா இது. வேகமா சுத்தணும். நம்ம பிளேயர்ல அந்தத் திருகு ஒடஞ்சிபூட்டுது. அதான் பெருசுக்கு உள்ள ஸ்பீடுலயே ஓட்டிகினு இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"ஊரு பூரா அதத்தான் வாங்கிகினு போச்சு. ஒருத்தர் வந்து கேக்கல. ஆறு வருசம் கழிச்சி நீ ஒருத்திதான் வந்துகீற."

ஊர் பூரா. பல்லாவரத்திலோ முடிச்சூரிலோ இன்னும் யாரோ அந்தக் களைத்த மனிதரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். மணிமங்கலம் வரும்போது சிரிப்பு நின்றது. இதை ரகுவிடம் சொல்ல வேண்டும்.

2 செப்டம்பர், திங்கள்

நானே ஃபோன் செய்தேன். நடந்ததெல்லாம் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். 'அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வந்தால் முடிந்தது என்று தீர்மானித்தும் வைத்திருந்தேன்.

"அந்த ஆம்பளைக் குரலை நான் கேட்கணுமே" என்றார்.

6 செப்டம்பர், வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்களாம். அம்மா ரவை சலித்துவிட்டாள்.

8 செப்டம்பர், ஞாயிறு

பழத்தட்டோடு வருவார்கள் என்று எதிர்பார்த்த அப்பாவுக்கு, மாப்பிள்ளை ரெக்கார்ட் பிளேயரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியது விளங்கவில்லை.

முதலில் சரியான வேகம். சின்னப் பெண். துறுதுறுவென்று, மழையில் நனைய ஓடுகிறவள் மாதிரி. அழகாகத்தான் பாடினாள். எனக்குத்தான் யாரோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. அம்மா முன்னால் அழக் கூடாது.

ரகு என்னைப் பார்த்தார். திருகைத் திருப்பி, முள்ளை மறுபடி முதலில் வைத்தார்.

வந்துவிட்டார். அதே களைப்பு. அதே மனிதர். மழை விடும்.

பாட்டு முடிந்ததும் அப்பா, "இவரு தேவலை" என்றார்.

"எனக்கும்" என்றார் ரகு. "காலேஜ் போட்டியில வருஷா வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்பேன். இனிமே கேட்க முடியாது."

"ஏன்?"

"தாம்பரத்துக்காரங்க யாராவது வந்துட்டா? அவங்க பதிலும் சரிதானே?"

போகும்போது என் டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ரெக்கார்டைக் கொடுத்தார். பிளேயர் அவரோடு போய்விட்டது. எங்கள் வீட்டில் அதை எதில் போட்டுக் கேட்பது? அதை அவர் யோசிக்கவில்லையா, யோசித்தாரா?

9 செப்டம்பர், திங்கள்

மெர்சி: "மீசக்காரு திரும்பி வந்தாராக்கா?" வந்தார் என்றேன்.

மாலையில் அப்பா, பதில் எழுதலாமா என்று கேட்டார். சரி என்று எழுதச் சொன்னேன். பிறகு ரெக்கார்டைத் துணியில் சுற்றி, வெயில் படாத இடம் பார்த்து, பீரோவில் புடவைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தேன்.