தோசை சேரா

பெப்ரவரி 4, 1986. செவ்வாய்

லண்டன் முழுக்கப் பனி. குழாய் உறைந்துபோய் முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. நோர்பரி ஸ்டேசனில் ரயிலும் இல்லை. வேலைக்கு நடை. சப்பாத்துக்குள் ஈரம்.

தையல் பக்டரி ரேடியோவில் அந்தப் பாட்டு! இங்கிலிஷில் யாரோ ஒருத்தி, தூங்கி வழிந்துகொண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் முதலில் கேட்டது இத்தாலியனில். பிறகு சிங்களப் பைலா ஆட்டப்பாட்டாகவும் வந்தது. நான், தம்பி ஜெயன், சின்னவள் சுபா, மூன்று பேரும் பாஷை தெரியாமல் "தோசை சேரா, தோசை சேரா" என்று கத்துவோம். அப்பா செருப்பைத் தேடுவார்.

பக்கத்து மெசின் ஜீனா இத்தாலிக்காரி. கேட்டேன். "டோல்ச்சே சேரா"வாம். இனிய மாலை. காதலன் வராத மாலையாம், பாவம். நாங்கள் அதில் தோசை சுட்டிருக்கிறோம்.

வாங்க: நூல், தேயிலை, இவருக்குக் கையுறை.

பெப்ரவரி 8. சனி

இவர் ஃபாரஸ்ட் கேட் போய் அரிசி, மரக்கறி, கருவாடு கொண்டு வந்தார். கடைக்காரர் சாமான் பையில் ஒரு கசெட்டும் போட்டு விட்டாராம். ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் பாட்டுகள். அட்டையில் நெருப்புப் படம், பாடியவர் பெயர் இல்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டே போட்டேன். மூன்றாவது பாட்டில் கை நின்றது. அதே மெட்டு. "தேசம் சேர வா, தேசம் சேர வா."

தோசையைத் தேசமாக்க எங்கள் வீட்டு ஆளைத் தவிர யாருக்குத் தோன்றும்? குரலும் அவனுடையதுதான். தாளத்துக்கு முன்னமே அவசரப்பட்டு நுழைகிற அதே பழக்கம்.

புத்தகமும் கையுமாக ஏ.எல். சோதனைக்கு ஆயத்தம் பண்ணுகிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"இஞ்சாருங்கோ, இது எங்கடை ஜெயன்."

இவர் இரண்டு தரம் கேட்டார். சத்தத்தைக் குறைத்தார். "விசாக் கேஸ் இன்னும் முடியேல்லை. உந்தக் கசெட்டை வீட்டிலை வைச்சிராதையும். எறியும்."

எறியவில்லை. அரிசி வாளிக்குள்.

பெப்ரவரி 9. ஞாயிறு

பயம், வேறொன்றுமில்லை. இந்த மாதிரிக் கசெட்டில் குரல் இருக்கும், ஆள் இருக்கமாட்டான் என்று லூயிஷாம் கோயிலில் போன மாதம் ஒருவர் பகிடிபோலச் சொன்னார். அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

கதவு தட்டிக் கேட்டது. அரிசி வாளி மூடியை அழுத்திவிட்டுத் திறந்தேன். வந்தது பால்காரன்.

அம்மா டொக்டரிடம் கண் காட்டக் கொழும்புக்கு வந்து மாமா வீட்டில் நிற்கிறா. புதன்கிழமை போன் எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம். எடுக்காதவரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான்.

பெப்ரவரி 11. செவ்வாய்

திரும்பவும் ரேடியோவில் அந்த இங்கிலிஷ்காரி. ஜீனா எனக்காகச் சத்தத்தைக் கூட்டினாள். எழும்பிக் கக்கூசுக்குள் போய் நின்றேன். மனேச்சர்: "சுகமில்லையா?" ஓம் என்றேன். கொலர் முழுக்கக் கோணல், எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டும்.

பெப்ரவரி 12. புதன்

லைன் கிடைத்தது. கரகரப்பு.

"தம்பி எங்கை அம்மா?"

"படிக்கிறான்."

"சோதினைக்கோ?"

"இல்லைப் பிள்ளை." குரல் இறங்கியது. "பாட்டுப் படிக்கிறான்."

பின்னால் மாமா: "அக்கா, போனிலை கண்டதையும் கதையாதை!"

"சுகமா இருக்கிறானோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"ஓமோம். பொங்கலுக்கு வந்து சாப்பிட்டிட்டுப் போனவன். மெலிஞ்சு போனான்."

கடவுளே. இருக்கிறான். படியில் இருந்துவிட்டேன். இவர் தண்ணீர் கொண்டு வந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"அப்ப சுபா? அவளையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

பின்னால் மாமா கதவைச் சாத்துவது கேட்டது.

"சுபாவும் படிக்கிறாள்."

என்ன படிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.