இடது கை மாடல்

டேய் முக்காலி,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். கையெழுத்து என் மனைவியுடையது, திட்டு என்னுடையது. சொன்னதை அப்படியே எழுதுகிறாளா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் நாக்கு இன்னும் பாதி வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. நான் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் இவள் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடுகிறாள். இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆகும் என்று நினைக்கிறேன்.

புதுக் கேமரா வெளியீடு, பதினெட்டாம் தேதி காலை பத்து மணி. கம்பெனி அறிவித்து மூன்று வாரம் ஆகிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருக்கும் உன்னிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. பெரிய மனுஷன் ஆகிவிட்டாயா? அவர்கள் இரண்டு தடவை தள்ளிப்போட்டபோது மட்டும் உடனே கூப்பிட்டாயே. முதல் தடவை ஏதோ சிப் கிடைக்கவில்லை என்றாய். அடுத்த தடவை பேட்டரி சூடாகிறது என்றாய். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன்.

அறிவிப்பை வரி விடாமல் படித்தேன். இடது கை என்ற பேச்சையே காணோம். கேமராவின் மேல்பக்கத்தைக்கூடக் காட்டவில்லை, இருட்டில் ஒரு லென்ஸ் மட்டும் தெரிகிறது. அன்றைக்குத்தான் போட்டு உடைப்பார்கள் போலிருக்கிறது. ஒன்றரை வருஷத்துக்கு முன் நீ அனுப்பிய இடது கை மாடல் படத்திலேயே கம்பெனி பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்ததே! சரிதானே நான் சொல்வது? சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

என் பக்கத்தில் எல்லாம் தயார். இடது கை ஆள்காட்டி விரலுக்குப் பயிற்சி நடக்கிறது. பேனாவின் தலையைக் காலையில் முந்நூறு தடவை, சாயங்காலம் முந்நூறு தடவை அழுத்துகிறேன். இந்த டிக் டிக் சத்தத்தில் ஒருநாள் வீட்டைவிட்டே ஓடிவிடுவேன் என்கிறாள் உன் தங்கை. முதலில் பாதி அழுத்தம், முழு அழுத்தம் எல்லாம் ஒன்றாகவே வந்தது. இப்போது ஃபோகஸுக்குப் பாதியில் நிறுத்த வருகிறது. விரலுக்குப் புத்தி வந்துவிட்டது, எனக்குத்தான் வரவில்லையாம்.

முதல் படம் எது என்பதையும் முடிவு செய்துவிட்டேன். குரூப் போட்டோ பாதியில் நின்ற அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு வகுப்பு தாண்டிவிட்டார்களாம். தாண்டட்டும். யார் எந்த வரிசையில் நின்றார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடையையும் ஒழுங்குபடுத்தியாயிற்று. முப்பது வருஷத்து நெகட்டிவ்களை எல்லாம் எடுத்து, கவர் போட்டு, அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பீரோ சாவி எது, பத்திரம் எங்கே என்று இவளுக்கும் காட்டிவிட்டேன். கையோடு என்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். லைட் வைத்தது நான், பட்டனை அழுத்தியது இவள். கோணல் வாய் நிழலில் போய்விட்டது. பார்க்க மனுஷன் மாதிரிதான் இருக்கிறேன்.

இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் நான் காத்திருக்கமாட்டேன். அதை மட்டும் உன் பெரிய ஆட்களிடம் சொல்லிவை.

இப்படிக்கு,
உன் ஃப்ளாஷ்

(கையெழுத்து நானே போட்டது, இடது கையால். சிரிக்காதே.)


அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். வீட்டில் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? அவர் சொல்லி நான் எழுதிய கடிதம் கூட இருக்கிறது. உறையை ஒட்டுவதும் நான்தான் என்பதால் இந்தத் தாளையும் உள்ளே வைக்கிறேன். அவருக்குத் தெரியாது. போன் எந்நேரமும் அவர் கையில்தான், கேமரா செய்தி தேடிக்கொண்டே இருப்பார். அதனால்தான் கடிதம்.

அண்ணா, நீங்கள் அனுப்பிய அந்தப் படம் இடம் வலமாகப் புரட்டிப் போட்டது என்று எனக்குத் தெரியும். வந்த மூன்றாம் நாளே தெரியும். நாம் மூன்று பேரும் ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோது டார்க் ரூமில் நின்றவள் நான். நெகட்டிவை மறுபக்கமாகப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டோமா என்று கண்டுபிடிக்க ஆம்பளைங்க சட்டைப் பையைப் பார் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பை எப்போதும் இடப்பக்கம் இருக்கும். படத்தில் கேமராவை நெஞ்சோடு பிடித்து நிற்கிறவருக்கு வலப்பக்கம் இருக்கிறது. முகம் தெரியாமல் வெட்டிவிட்டீர்கள், விரலை மறந்துவிட்டீர்கள். ஸ்டுடியோ ஷட்டரில் நசுங்கிப் பாதி நகம் போன உங்கள் வலது ஆள்காட்டி விரலுக்குக் கட்டுப் போட்டவள் நான். அந்த விரல் படத்தில் இடது பக்கத்துப் பட்டன் மேல் இருக்கிறது.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. இருக்கிறது. ஆனால் அந்தப் படம் வருவதற்கு முன்னால் அவர் இருந்த நிலைமையையும் நான் சொல்ல வேண்டும், அதை நீங்கள் நேரில் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போதுதான் அவருக்குப் பக்கவாதம் வந்தது, உங்களுக்குத் தெரியும். "யாரும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனில் விரலை வைத்திருக்கிறார். விரல் அழுத்தவில்லை. என்ன ஆயிற்று என்று அவருக்கும் புரியவில்லை. பிள்ளைகள் அவர் சொன்ன மாதிரியே அசையாமல் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவர் கீழே சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்களாம். டீச்சர் இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

வலது கை விழுந்து வீட்டுக்கு வந்ததும், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, இடது கையால் பட்டனை எட்ட முயன்று பார்த்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு முக்காலியில் மாட்டிக்கொண்டு ரிமோட்டை அழுத்தலாமே என்று கேட்டேன். "அது போட்டோ இல்ல, முத்திரை குத்துற வேலை" என்றார். ஒருநாள் தலைகீழாகப் பிடித்த கேமரா நழுவி விழுந்தது. கண்ணாடி நொறுங்கின சத்தம் கேட்டு ஓடினேன். குனிந்து பார்க்கக்கூட இல்லை, போய்ப் படுத்தார். பதினொரு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். வாயைத் திறக்க வைத்து ஊட்டினால் ஒரு ஓரமாக வழியும். துடைக்கக்கூட விடமாட்டார்.

அப்போதுதான் உங்கள் படம் வந்தது. எழுந்து உட்கார்ந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து, "உன் அண்ணன் பெரிய ஆள்டீ" என்றார். அண்ணா, அன்றைக்கு நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்று நாள் கழித்துச் சட்டைப் பையைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டேன். அதனால் இந்தப் பொய்யில் பாதி என்னுடையது. ஒன்றரை வருஷமாக நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டு, அப்படியா, அப்படியா என்று நானும் தலையாட்டினேன். கம்பெனி தள்ளிப்போட்ட ஒவ்வொரு தடவையும் அவர் வருத்தப்பட்டார், நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. முப்பது வருஷம் நெகட்டிவ் பார்த்த கண். அந்தப் படத்தைத் தினமும் பெரிதாக்கிப் பார்க்கிறார். சட்டைப் பை கண்ணில் படாமலா இருக்கும்? பட்டும் படாத மாதிரி இருக்கிறாரா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது நான் பயப்படுவது எதற்கு என்று சொல்கிறேன். அவரை நான் படம் எடுத்ததாக எழுதச் சொன்னாரே, அதை என்ன அளவில் பிரிண்ட் போடச் சொன்னார் தெரியுமா? பன்னிரண்டுக்குப் பதினாறு. கீழே இரண்டு விரல் அகலம் வெள்ளை விடச் சொன்னார். நம் கடையில் அந்த அளவை யார் கேட்டு வருவார்கள், அந்த வெள்ளையில் எந்த இரண்டு தேதியை எழுதுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, பெருசா இருந்தா நல்லா இருக்கும்ல" என்றார். போட்டுக் கொடுத்தேன். இரண்டு தாள் வீணாயிற்று.

பத்திரமும் சாவியும் காட்டினாரே, அதை மட்டும் பார்த்திருந்தால் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததிலிருந்து மாத்திரை டப்பாவை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். கேமரா வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் தயாராக இருக்கிறார், வராவிட்டால் போய்ச்சேரவும் தயாராக இருக்கிறார். இரண்டுக்கும் ஒரே மாதிரி நிதானமாக ஏற்பாடு செய்கிறார். அந்த நிதானம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினெட்டாம் தேதி அந்தக் கேமராவை எல்லாப் பக்கமும் சுற்றிக் காட்டுவார்கள். பட்டன் வழக்கம்போல வலப்பக்கம்தான் இருக்கும். இன்னொரு பொய் சொல்லி ஒப்பேற்றலாம், அடுத்த மாடலில் வரும் என்று சொல்லலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். அவர் இனிமேல் காத்திருக்கமாட்டேன் என்று சொன்னதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், முந்தின தாளைப் பாருங்கள்.

அதனால் நீங்கள் பதினேழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் இல்லை என்று எதுவும் சொல்லாதீர்கள். எனக்குப் பதில் போடவும் வேண்டாம், தபால் வந்தால் முதலில் பிரிப்பவர் அவர். திடீரென்று வந்து நில்லுங்கள். கம்பெனி சொல்வதற்கு முன்னால் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள், நான்தான் புரட்டினேன் என்று. நான் பக்கத்து அறையில் இருப்பேன். எனக்கும் தெரியும் என்பதைச் சொல்லாதீர்கள். அவருக்குச் சோறு போட, அவர் நம்புகிற ஒரு ஆள் பாக்கி இருக்க வேண்டும்.

கத்துவார். வார்த்தை குழறும், புரியாத மாதிரி நடிக்காதீர்கள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், இடது கையில் இப்போது நல்ல பலம் இருக்கிறது. வெளியே போடா என்றால் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவர் வேறு எதையும் யோசிக்கமாட்டார். அடுத்த நாளும் திட்ட வேண்டும், அடுத்த வருஷமும் திட்ட வேண்டும்.

நீங்கள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அண்ணா. அவர் கடைசி வரைக்கும் உங்களை மன்னிக்காமல் இருக்க வேண்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
தங்கை